நிறுத்தக் கற்றலே முதற்பாடம்
(இருசக்கர ஊர்தி பயில்வோர்க்குச் சில கருத்துகள்)

விரைவு என்பது இன்று தோன்றிய விருப்பம் அன்று. சங்க இலக்கிய முல்லைப் பாடல்களில் வினைமுடித்து மீளும் தலைவன், தன் வரவை எண்ணிக் காத்திருக்கும் தலைவியைக் காணும் ஆவலில், தேரை விரைந்து செலுத்துமாறு பாகனை வேண்டுகிறான். அத்தகைய விரைவிலும் வழியிலுள்ள பிற உயிர்களை அவன் மறப்பதில்லை. அகநானூற்றின் நான்காம் பாடலில் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன், பூந்தாது உண்ணும் வண்டுகள் ஒலி கேட்டுக் கலங்கிவிடக் கூடாதே என்று அஞ்சித் தன் தேர்மணிகளின் நாவைக் கட்டிவைத்து வருகிறான். விரைவாகச் செல்லவேண்டும் என்ற ஆசையும், வழியில் உள்ளோர்க்குத் துன்பம் நேரக்கூடாது என்ற அக்கறையும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்பதை அப்பாடல் நமக்கு உணர்த்துகிறது.

இன்று தேர் இல்லை, பாகனும் இல்லை. செலுத்துபவனும் செல்பவனும் ஒருவனே. பதினெட்டு வயது நிறைந்த மாணவன் ஒருவன் மோட்டார் சைக்கிளின் மீது அமரும்போது, பல குதிரைகளின் ஆற்றல் அவனது வலக்கையின் ஒரு சிறு திருப்பத்துக்குள் அடங்கிவிடுகிறது. அந்த ஆற்றலைப் பெருக்குவது எளிது. அதை ஓரிமைப் பொழுதில் அடக்குவதே அரிது. எனவே இருசக்கர ஊர்தி பயில்வோர் முதலில் கற்கவேண்டியது வண்டியை ஓட்டுவது அன்று. நிறுத்துவதே என்பதை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேற்குப் புறநகரும் இருசக்கர ஊர்தியும்

சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிக்கும் சக்கரங்களுக்கும் நீண்டநாள் தொடர்பு உண்டு. 1949-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் மிதிவண்டிகளை உருவாக்கித் தந்தது. 1960-களில் அமைந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறைகள் பல, ஊர்திகளுக்கான உதிரிப் பாகங்களைச் செய்தன. ஆவடியின் கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து 1965-ஆம் ஆண்டு ‘விஜயந்தா’ பீரங்கி வண்டி வெளிவந்தது. சென்னையின் வடகோடியில், திருவொற்றியூரில் 1955-ஆம் ஆண்டு எழுந்த என்ஃபீல்டு தொழிற்சாலையின் ‘புல்லட்’ வண்டியும், ஓசூரிலிருந்து 1980-ஆம் ஆண்டு வந்த டி.வி.எஸ். 50 வண்டியும் நம் வீடுகளின் வாசலில் மிதிவண்டி நின்ற இடத்தை மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டன.

அன்று மிதிவண்டியில் தொழிற்பேட்டைக்குச் சென்ற தொழிலாளியின் பேரன், இன்று மோட்டார் சைக்கிளில் கல்லூரிக்கு வருகிறான். அவன் வரும் சாலையோ பாட்டனார் கண்ட சாலை அன்று. பாடியிலிருந்து அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி வழியாகத் திருவள்ளூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பேருந்தும் சரக்குந்தும் ஷேர் ஆட்டோவும் ஒரே தடத்துக்குப் போட்டியிடுகின்றன. பூவிருந்தவல்லி வழியே பெங்களூரு நெடுஞ்சாலைக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளும், கரையான்சாவடி, சென்னீர்குப்பம், பருத்திப்பட்டு வழியாக ஆவடிக்குச் செல்லும் உள்ளூர் வண்டிகளும் சந்திப்புகளில் நெருக்கியடிக்கின்றன. வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் ஏறத்தாழ 62 கி.மீ. நீள வெளிவட்டச் சாலையும் இப்பகுதியை ஊடறுத்துச் செல்கிறது. அகன்ற சாலை விரைவுக்கு ஆசை காட்டுகிறது. குறுகிய சாலை பொறுமையைச் சோதிக்கிறது. புதிதாகப் பயில்பவர் இவ்விரண்டையும் ஒரே நாளில் சந்திக்க நேர்கிறது.

எண்கள் உரைக்கும் செய்தி

ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் 74,897 பேர் இருசக்கர ஊர்தியில் சென்றவர்கள். அதாவது நூற்றுக்கு 44 பேருக்கும் மேல். தலைக்கவசம் அணியாமையால் இறந்தோர் என்று அவ்வறிக்கை குறிப்பிடும் எண்ணிக்கை 50,029. அவர்களுள் 14,337 பேர் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றவர்கள். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் பெற்ற மாநிலம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள் இங்கு நிகழ்ந்தன. கல்வியில் முதலிடம், தொழிலில் முதலிடம் என்று பெருமை பேசும் நாம், பெருமைகொள்ள இயலாத முதலிடம் இது.

இவ்வெண்கள் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு வீடு இருக்கிறது. கல்லூரி ஆசிரியராகப் பணியாற்றுவோர்க்கு வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரின் மீது கோடிடுவதைவிடக் கடினமான பணி வேறில்லை. அப்பணி நேராமல் காப்பதற்கு உரிய வழி, விபத்துக்குப் பின் வருந்துவது அன்று. பயிற்சிக்கு முன் சிந்திப்பதே ஆகும்.

சட்டம் வகுத்த படிகள்

மோட்டார் ஊர்திச் சட்டம் 1988-இல் இயற்றப்பெற்று, 1989-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி கியர் உள்ள மோட்டார் சைக்கிளை ஓட்டுவதற்கு 18 வயது நிறைந்திருத்தல் வேண்டும். 16 வயதில் ஓட்டலாம் என்பது, 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே பொருந்தும். இன்று நம் தெருக்களில் ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை 100 சி.சி.க்கும் மேற்பட்டவை. ‘கியர் இல்லை, ஆகவே பதினாறு வயதுப் பிள்ளை ஓட்டலாம்’ என்று பலர் கருதுவது பிழை. பதினெட்டு வயது நிறையாதவர் அவற்றை ஓட்டலாகாது.

முதற்படி, எல்.எல்.ஆர். என்று மக்கள் வழங்கும் பழகுநர் உரிமம். இது 6 மாதம் செல்லும். இதைப் பெற்று 30 நாள் கழிந்த பின்னரே நிலையான உரிமத்துக்கான தேர்வுக்குச் செல்ல இயலும். பழகும் காலத்தில் வண்டியின் முன்னும் பின்னும் வெண்ணிறப் பின்னணியில் சிவப்பு ‘எல்’ எழுத்து இருத்தல் வேண்டும். கற்றுத்தரும் உரிமம் பெற்றவர் தவிர வேறு எவரையும் பின்னால் ஏற்றிச் செல்லக் கூடாது. நண்பனைப் பின்னால் அமர்த்திக்கொண்டு பழகுவது சட்டத்துக்கும் புறம்பானது, அறிவுக்கும் புறம்பானது. பின்னே ஒருவர் அமர்ந்ததும் வண்டியின் எடைநிலையே மாறிவிடுகிறது. தன் ஒருவன் எடையையே இன்னும் ஆளத் தெரியாதவன் இரண்டாவது எடையை எவ்வாறு ஆள்வான்?

பூவிருந்தவல்லியிலோ அம்பத்தூரிலோ வட்டாரப் போக்குவரத்து அலுவலகத் தேர்வுக்குச் செல்வோர் அனைவரும் அஞ்சுவது ‘எட்டு’ப் போடுவதற்கே. கால் தரையில் ஊன்றாமல் எட்டு வடிவில் வண்டியை ஓட்டிக் காட்டவேண்டும். இத்தேர்வு பயனுடையதே, மெதுவான வேகத்தில் சமநிலை காக்கும் திறனை அது நன்றாக அளந்துவிடும். ஆனால், 40 கி.மீ. வேகத்தில் குறுக்கே ஓடிவரும் சிறுவனைக் கண்டதும் வண்டியை நிறுத்தும் திறனை அந்த எட்டு அளப்பதில்லை. எனவே உரிமம் கையில் வந்த நாளைக் கல்வி முடிந்த நாளாகக் கருதலாகாது. எழுத்தறிவு பெற்றவன் இனி நூல்களைப் பயிலத் தொடங்குவது போன்ற நாள் அது.

வண்டியை அறிதல்

மைதானத்துக்குச் செல்லும் முன்னர், இயந்திரத்தை இயக்காமலே வண்டியோடு பழகுதல் நன்று. இன்றைய வண்டிகளில் வலக்கையில் ஆக்சிலேட்டரும் முன் பிரேக்கும் உள்ளன, வலக்காலில் பின் பிரேக், இடக்கையில் க்ளட்ச், இடக்காலில் கியர். பழைய புல்லட் வண்டிகளில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருந்தன. அவ்வண்டியில் பழகிய தந்தையரோ மாமனாரோ கற்றுத்தரும்போது, தம் காலின் பழக்கத்தைப் பிள்ளையின் காலுக்கு அறியாமல் கடத்திவிடாதிருத்தல் வேண்டும்.

வண்டியில் அமர்ந்தால் இரு பாதங்களும் தரையில் உறுதியாகப் படிகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். குதிகாலை உயர்த்தி நுனிவிரலால் மட்டுமே தரையைத் தொடும் உயரமான வண்டி, பயில்வோர்க்கு உகந்ததன்று. பின்பு இயந்திரத்தை அணைத்த நிலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து பழகலாம். வண்டியின் எடை எந்தப் பக்கம் சாயும்போது எவ்வளவு இழுக்கிறது என்பதைக் கை அறிந்துகொள்ளும். டயரில் காற்று, பிரேக்கின் பிடிப்பு, செயினின் தளர்ச்சி, விளக்கு, ஹாரன், பின்னோக்குக் கண்ணாடிகள், மடக்கப்பட்ட சைடு ஸ்டாண்டு ஆகியவற்றை நாள்தோறும் புறப்படும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ள இரண்டு நிமிடம் போதும்.

முதற்பாடம்: நிறுத்துதல்

திறந்த மைதானத்தில், முதல் கியரில் மெல்ல நகர்ந்ததும் பயில்வோர் செய்யவேண்டிய முதற்பயிற்சி மீண்டும் நிறுத்துவதே. இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் களைதல் இன்றியமையாதது. ‘முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும்’ என்பது நம் தெருக்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் அறிவுரை. மிதிவண்டியில் விழுந்தெழுந்த காலத்து அச்சம் அது.

உண்மை என்ன? பேருந்து ஓட்டுநர் பிரேக்கை அழுத்தும்போது நின்றுகொண்டிருக்கும் நாம் அனைவரும் முன்னோக்கிச் சாய்கிறோம் அல்லவா? அவ்வாறே மோட்டார் சைக்கிளின் வேகம் குறையும்போது அதன் எடையழுத்தம் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு மாறுகிறது. முன் டயர் தரையை மேலும் அழுந்தப் பற்றுகிறது. பின் டயரோ எடை குறைந்து, எளிதில் சறுக்கும் நிலையை அடைகிறது. ஆகவே வண்டியை நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதி முன் பிரேக்கிடமே உள்ளது. பின் பிரேக்கை மட்டும் நம்பி ஓட்டுபவர், பாதிக்கும் குறைவான ஆற்றலையே பயன்படுத்துகிறார். ஆபத்து நேரத்தில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் இழுத்துச் சாய்கிறது.

அவ்வாறாயின் முன் பிரேக்கினால் விழுந்தோர் எவ்வாறு விழுந்தனர்? திடீரென்று ஒரே பிடியாகப் பிடித்தமையால் விழுந்தனர். எடை முன்சக்கரத்துக்கு வந்து சேர்வதற்குள் சக்கரத்தைப் பூட்டினால் டயர் சறுக்கத்தான் செய்யும். எலுமிச்சம்பழத்தைப் பிழிவது போல, முதலில் மென்மையாகவும் பின்பு படிப்படியாக அழுத்தமாகவும் முன் பிரேக்கைப் பிடித்தல் வேண்டும். உடன் பின் பிரேக்கையும் அளவாக மிதித்தல் வேண்டும். ஹேண்டில்பார் நேராக இருக்கும்போதே இதைச் செய்தல் வேண்டும். திருப்பத்தில் சாய்ந்திருக்கும்போதோ, மணல் படிந்த இடத்திலோ, மழையில் நனைந்த வெள்ளைக்கோட்டின் மீதோ முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தல் ஆகாது.

தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு இட்டு, 15 கி.மீ. வேகத்தில் வந்து அக்கோட்டில் நிறுத்திப் பழகுக. கை இசைந்த பின்னர் 20, 25, 30 என்று வேகத்தை உயர்த்துக. நிற்கும் தறுவாயில் க்ளட்ச்சைப் பிடித்து, இடக்காலைத் தரையில் ஊன்றி, வலக்காலைப் பின் பிரேக்கின் மீதே வைத்திருத்தல் நற்பழக்கம்.

2019-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்குச் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும், அதற்குட்பட்டவற்றுக்கு இரு சக்கரங்களின் பிரேக்கும் இணைந்து இயங்கும் சி.பி.எஸ். அமைப்பும் கட்டாயமாக்கப்பட்டன. இவை நல்ல துணைகள். எனினும், அவை பிரேக் பிடித்த பின்பே வேலை செய்யும். பிரேக் பிடிக்கவேண்டிய நேரத்தை அறிவது ஓட்டுபவரின் கண்ணும் கருத்துமே.

வேகத்தின் கணக்கு

ஒருவர் இடையூறு ஒன்றைக் கண்டு, மூளை அதை உணர்ந்து, கை பிரேக்கைப் பற்றுவதற்கு ஏறத்தாழ ஒரு விநாடி ஆகிறது என்று கொள்வோம். அந்த ஒரு விநாடியில் 40 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி 11 மீட்டர் ஓடிவிடும், 60 கி.மீ. வேகத்தில் செல்வது 17 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்த பின், உலர்ந்த தார்ச்சாலையில் ஒவ்வொரு விநாடிக்கும் மணிக்கு 18 கி.மீ. என்ற அளவில் வேகம் குறைவதாகக் கணக்கிட்டால், முதல் வண்டி மேலும் 12 மீட்டரில் நிற்கும். இரண்டாவது வண்டி மேலும் 28 மீட்டர் சென்றே நிற்கும். ஆக, 40 கி.மீ. வேகத்தில் வருபவர்க்கு 23 மீட்டர் தேவை. 60 கி.மீ. வேகத்தில் வருபவர்க்கு ஏறத்தாழ 44 மீட்டர் தேவை. 80 கி.மீ. வேகமாயின் 72 மீட்டர். வேகம் இருமடங்கானால் பிரேக் பிடித்த பின் ஓடும் தொலைவு நான்கு மடங்காகிறது என்பது இயற்பியல் மாணவர் அறிந்த செய்தியே.

இக்கணக்கில் மறைந்திருக்கும் மற்றொரு உண்மை நம்மைத் திடுக்கிடச் செய்வது. இருவரும் ஒரே இடத்தில், ஒரே நொடியில் இடையூற்றைக் கண்டதாகக் கொள்வோம். 40 கி.மீ. வேகத்தில் வந்தவர் முழுவதும் நின்றுவிட்ட அந்த இடத்தை, 60 கி.மீ. வேகத்தில் வந்தவர் இன்னும் 52 கி.மீ. வேகத்தில் கடந்துகொண்டிருப்பார். ஒருவர் நின்று மூச்சுவிடும் இடத்தில் மற்றவர் மோதுகிறார்.

இதற்கு ஈடாக அவர் பெறும் ஆதாயம் யாது? 10 கி.மீ. தொலைவை 40 கி.மீ. வேகத்தில் கடக்க 15 நிமிடம், 60 கி.மீ. வேகத்தில் கடக்க 10 நிமிடம். மிச்சம் 5 நிமிடம். அதையும் வழியிலுள்ள இரண்டு சிக்னல்கள் விழுங்கிவிடும். முதல் பாடவேளைக்குத் தாமதமாகிவிடுமே என்று அஞ்சும் மாணவர்க்குக் கூறத்தக்கது ஒன்றே: 5 நிமிடத்தை வீட்டு வாசலில் தேடிக்கொள்க, சாலையில் தேடற்க.

க்ளட்ச்சும் எட்டும்

நிறுத்தக் கற்றபின் நகரக் கற்றல் எளிதாகிவிடும். க்ளட்ச்சைச் சிறிது சிறிதாக விடும்போது, ஓரிடத்தில் வண்டி உயிர்பெற்றாற்போல் மெல்ல முன்னே இழுக்கும். அந்த இடத்தைக் கை நன்றாக அறிந்துகொள்ள வேண்டும். தொடக்கத்தில் ஆக்சிலேட்டரைத் தொடாமலே, க்ளட்ச்சினால் மட்டும் நகர்ந்து நின்று பழகினால் அச்சம் நீங்கும். க்ளட்ச்சைத் திடீரென்று விட்டுவிடுவதும், பதற்றத்தில் ஆக்சிலேட்டரை முறுக்குவதுமே புதியவர் பலர் விழுவதற்குக் காரணங்கள்.

எட்டுப் போடும்போது முன் பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரைச் சீராகப் பிடித்து, க்ளட்ச்சையும் பின் பிரேக்கையும் அளவாகப் பயன்படுத்துதல் வேண்டும். பார்வை முன்சக்கரத்தின் மீது விழலாகாது. அடுத்துச் செல்லவேண்டிய வளைவை நோக்கியே இருத்தல் வேண்டும். கண் எங்கே செல்கிறதோ அங்கே வண்டி செல்லும். பள்ளத்தைக் கண்டு அஞ்சி அதையே உற்று நோக்குபவர் அப்பள்ளத்திலேயே இறங்குவது இதனாலேயே ஆகும். வளைவுகளில் வேகத்தைக் குறைப்பதை வளைவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். வளைவின் நடுவில் அன்று.

சாலைக்கு வரும்போது

மைதானத்தில் தேறியவர் முதலில் நெரிசல் குறைந்த உட்தெருக்களிலும், பின்பு காலை நேர அமைதியான சாலைகளிலும், இறுதியாகவே நெடுஞ்சாலையிலும் செல்லுதல் முறை. இரவுப் பயணமும் மழைப் பயணமும் கடைசிப் பாடங்கள்.

நம் பகுதிச் சாலைகளில் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டியவை சில. கண்டெய்னர் லாரியின் இடப்பக்கத்தை ஒட்டிச் செல்லலாகாது. அதன் ஓட்டுநருக்கு அவ்விடத்தில் உள்ள இருசக்கர ஊர்தி தென்படாது. லாரி இடப்புறம் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் உள்ளடங்கி வந்து அவ்விடத்தையே அடைக்கும். லாரியின் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் நமக்குத் தெரியவில்லையாயின் நம் முகமும் அவருக்குத் தெரியவில்லை என்று கொள்க. நிறுத்தத்தில் நிற்கும் பேருந்தை இடப்புறமாகக் கடத்தல் கூடாது. படியிலிருந்து இறங்குபவர் நம் சக்கரத்தின் முன்னேதான் இறங்குவார். ஷேர் ஆட்டோ எந்த இடத்திலும் நிற்கலாம் என்று எண்ணியே அதன் பின்னே செல்லுதல் வேண்டும்.

முன்செல்லும் வண்டி ஒரு மின்கம்பத்தைக் கடந்த பின், நாம் அக்கம்பத்தை அடைவதற்கு இரண்டு விநாடியாவது ஆகவேண்டும். இதுவே பாதுகாப்பான இடைவெளி. மழையில் அதை இருமடங்காக்குதல் நன்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தேங்கிய நீரின் அடியில் பள்ளமும் இருக்கலாம். திறந்த சாக்கடையும் இருக்கலாம். பிறர் சென்ற தடத்தைக் காணாமல் நீருக்குள் இறங்கலாகாது. சாலையோர மணலும், வண்ணம் பூசப்படாத வேகத்தடையும், மாலையில் சாலை நடுவே படுத்திருக்கும் மாடுகளும் நம் பகுதியில் புதியன அல்ல. அணுகுசாலையில் எதிர்த்திசையில் வருவது குற்றம் என்பதை நாம் அறிவோம். ஆயினும் பிறர் வரக்கூடும் என்று எதிர்பார்த்தே நாம் செல்லுதல் வேண்டும். தலைக்கவசத்துக்கும் காதுக்கும் இடையே கைப்பேசியைச் செருகிக்கொண்டு பேசிச் செல்பவர், சாலையில் உடலை மட்டும் வைத்துவிட்டுக் கருத்தை வேறெங்கோ அனுப்பியவர் ஆவார்.

தலைக்கவசத்தின் வரலாறு

‘அரேபியாவின் லாரன்ஸ்’ எனப் புகழ்பெற்ற டி.இ. லாரன்ஸ், 1935-ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளில் செல்கையில், மிதிவண்டியில் வந்த இரு சிறுவர்கள் மீது மோதாமல் விலக முயன்று விழுந்தார். தலையில் அடிபட்டு, ஆறு நாள் கழித்து உயிர் துறந்தார். அவருக்கு மருத்துவம் செய்தோருள் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் நரம்பியல் அறுவை வல்லுநர். அவர் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை தலைக்கவசத்தின் தேவையை எடுத்துரைத்தது. அதே ஆண்டில் பிரித்தானிய இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் தூதர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளிவந்த மதிப்பாய்வு, தலைக்கவசம் இறப்பு வாய்ப்பை 42 விழுக்காடும், தலைக்காய வாய்ப்பை 69 விழுக்காடும் குறைக்கிறது எனக் கண்டது.

தமிழ்நாட்டில் 2007-இலும், உயர்நீதிமன்ற ஆணையை ஒட்டி 2015 ஜூலையிலும் தலைக்கவசம் வலியுறுத்தப்பட்டது. ஆயினும் காவலரைக் கண்டதும் அணிந்து, சந்திப்பைக் கடந்ததும் கழற்றும் வழக்கம் முற்றிலும் மறையவில்லை. பெட்ரோல் டேங்கின் மீது அமர்ந்து வரும் கவசம் டேங்கைத்தான் காக்கும். ஐ.எஸ். 4151 என்ற தர எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றதையே வாங்குதல் வேண்டும். தலையோடு இறுகப் பொருந்தவேண்டும். தாடைப் பட்டையைப் பூட்டவேண்டும். பட்டை பூட்டாத கவசம் விழும்போது தலைக்கு முன்னே பறந்துவிடும். அதனுள் உள்ள நுரைப்பொருள் தான் நசுங்கி அடியை ஏற்றுக்கொள்வது. ஒருமுறை பலத்த அடிபட்ட கவசத்தை மீண்டும் அணிதல் ஆகாது.

உடையும் உடன் வருவோரும்

பின்னிருக்கையில் ஒருவர் மட்டுமே அமரலாம் என்பது சட்டம். மூவராகச் செல்வது தோழமையின் அடையாளம் அன்று. பின்னே அமர்பவர்க்கும் தலைக்கவசம் உண்டு என்பதைப் பெரியோர் மறந்துவிடுகின்றனர். தாமும் அணிந்து, பின்னே அமரும் மனைவிக்கும் மகளுக்கும் அணிவித்துச் செல்லும் தந்தையைக் காண்பது அரிதாக உள்ளது.

சேலை முந்தானை, துப்பட்டா, பர்தா ஆகியவற்றின் நுனி பின்சக்கரத்திலோ செயினிலோ சிக்கினால் கழுத்தை இறுக்கிக் கீழே இழுத்துவிடும். பின்சக்கரத்தை மறைக்கும் தடுப்பும், கைப்பிடியும், கால்வைக்கும் இடமும் பின்னிருப்பவர்க்காக இருத்தல் வேண்டும் என்று மோட்டார் ஊர்தி விதிகள் கூறுகின்றன. அழகுக்காக அத்தடுப்பைக் கழற்றிவிடும் இளைஞர், தம் தாயும் தங்கையும் ஒருநாள் அதே இருக்கையில் அமர்வார்கள் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏறியதும் உடையின் நுனியை மடித்து அமர்ந்த பின்னரே வண்டி புறப்படவேண்டும்.

பெற்றோர் கடமை

பூவிருந்தவல்லிக்கு அண்மையிலுள்ள குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார், தம் பெரியபுராணத்தில் மனுநீதிச் சோழனின் வரலாற்றை விரிவாக உரைக்கிறார். திருவாரூர் வீதியில் இளவரசன் தேரூர்ந்து வருகையில் ஓர் இளங்கன்று சக்கரத்தில் சிக்கி இறந்தது. இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை. கன்று தானே துள்ளி வந்தது. ஆயினும் ‘அறியாமல் நேர்ந்தது’ என்ற அமைச்சரின் அமைதிமொழியை ஏற்கத் தந்தையின் நெஞ்சம் ஒப்பவில்லை. மகன் செலுத்திய தேருக்குத் தந்தையும் பொறுப்பு என்னும் கருத்து அவ்வரலாற்றின் உள்ளே நிற்கிறது.

2019-ஆம் ஆண்டு திருத்தப்பெற்ற மோட்டார் ஊர்திச் சட்டமும் இதையே வேறு மொழியில் கூறுகிறது. பதினெட்டு வயது நிறையாதவர் வண்டியோட்டிக் குற்றம் இழைத்தால், தமக்குத் தெரியாமல் நடந்தது என மெய்ப்பிக்காதவரை, பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர் குற்றவாளி ஆகிறார். மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு நீக்கப்படும். அப்பிள்ளை 25 வயது வரை உரிமம் பெற இயலாது. ‘மேல்நிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றால் வண்டி வாங்கித் தருகிறேன்’ என்று வாக்களிக்கும் பெற்றோர், அவ்வாக்கோடு இன்னும் இரண்டைச் சேர்த்தல் வேண்டும்: உரிமம் வந்த பின்னரே சாவி; தலைக்கவசம் வந்த பின்னரே வண்டி.

விபத்தைக் கண்டால்

பயில்வோர் அறிந்திருக்கவேண்டிய மற்றொன்று, பிறர்க்கு நேர்ந்த விபத்தில் தம் கடமை. சூழ்ந்து நின்று கைப்பேசியில் படம் எடுப்பது கடமை அன்று. உடனே 108-ஐ அழைத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் இச்சேவை 2008 முதல் இயங்கி வருகிறது. கழுத்தில் அடிபட்டிருக்கக் கூடுமாதலால், தீயோ வேறு ஆபத்தோ இல்லாதவரை, அடிபட்டவரைத் தூக்கி உட்காரவைத்தலும் வாயில் தண்ணீர் ஊற்றுதலும் கூடாது. இரத்தம் பெருகும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடிக்கலாம். நல்லெண்ணத்துடன் உதவியவரை வழக்கில் சிக்கவைக்கலாகாது என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாப்பளிக்கிறது. ‘நமக்கேன் வம்பு’ என்று விலகுவதற்கு இனிச் சட்டமும் காரணமாகாது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்துக்குள்ளானவர்க்கு முதல் 48 மணிநேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்குவதற்கென அமைந்தது.

முடிவுரை

இலக்கணம் கற்போர் முதலில் எழுத்தைக் கற்கின்றனர், பின்னரே சொல், அதன் பின்னரே பொருள். வரிசை மாறினால் கல்வி நிலைக்காது. ஊர்தியோட்டும் கல்விக்கும் வரிசை உண்டு. நிறுத்தல், நகர்தல், திரும்புதல், சாலையை நோக்குதல், இறுதியாக விரைதல் என்பதே அவ்வரிசை. நம் இளைஞருள் பலர் கடைசிப் பாடத்திலிருந்து தொடங்குகின்றனர். அதனாலேயே முதற்பாடத்தைக் கற்கும் வாய்ப்பு சிலர்க்குக் கிட்டாமலே போய்விடுகிறது.

மாணவச் செல்வங்கள் இவ்விடுமுறையில் ஒரு நாள், ஒரு திறந்தவெளியில், ஒரு சுண்ணாம்புக் கோட்டின் முன் வண்டியை நிறுத்திப் பார்க்கட்டும். 30 கி.மீ. வேகத்தில் கோட்டைத் தாண்டாமல் பத்து முறை நிறுத்த முடிகிறதா என்று தம்மைத் தாமே தேர்வு செய்துகொள்ளட்டும். அத்தேர்வில் தேறியவர்கள் சாலைக்கு வரட்டும். மாலையில் அவர்தம் வண்டியின் ஒலி கேட்டுக் கதவைத் திறக்கும் தாயின் முகத்தில் தோன்றும் நிம்மதியே அத்தேர்வுக்குரிய சான்றிதழ்.